தர்மகர்த்தா அழுத்திய சொல்

அண்டம் அனைத்தையும் உடையவனாயிருந்தும், அடியார் மனத்தில் ஓர் ஓரம் போதுமென்று வந்தமரும் ஈசன் திருவடி போற்றி.

அவன் கோயில் வாசலில் தையல்நாயகி என்பவள் மேசையிட்டுச் செல்போன் பழுது பார்த்துவந்தாள். ஒருநாள் தர்மகர்த்தா இராஜமாணிக்கம் தம் புதிய போனை அவள்முன் நீட்டினார்.

"மொபைல் நெட்வொர்க் அமைப்பு பூட்டிக் கிடக்கிறது. உச்சிக்கால மணி அடிப்பதற்குள் திற. முடியாவிட்டால் மேசையைத் தூக்கிக்கொண்டு போ. இது என் கோயில் வாசல்!"

திரையைப் பார்த்த தையல்நாயகி, "ஐயா, போனைத் திறக்கும்போது 'உரிமையாளர்', 'விருந்தினர்' என்று இரண்டு பெயர் காட்டியதே, எதை அழுத்தினீர்கள்?" என்று கேட்டாள்.

"இதென்ன கேள்வி? எந்த விழாவுக்குப் போனாலும் நான்தானே சிறப்பு விருந்தினர்! அதைத்தான் அழுத்தினேன்."

"விருந்தினருக்கு மாலை போடுவார்கள், ஐயா. வீட்டுச் சாவியைக் கொடுப்பார்களா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவள் 'உரிமையாளர்' என்பதை அழுத்தி, அவரையே கடவுச்சொல் இடச் செய்தாள். பூட்டு நீங்கிற்று.

தர்மகர்த்தாவின் முகம் சிவந்தது. "பலர் முன் என்னைச் சிரிக்க வைத்தாயே! இனி என் வாசலில் உனக்கு இடமில்லை."

தையல்நாயகி சந்நிதியை நோக்கிக் கைகூப்பினாள். "போனுக்குத் தாங்கள் உரிமையாளர். இந்த வாசலுக்கு உரிமையாளர் உள்ளே இருக்கிறார். இங்கேயும் மாற்றி அழுத்திவிடாதீர்கள், ஐயா."

அப்போது உச்சிக்கால மணி ஒலித்தது. தர்மகர்த்தா தோளில் கிடந்த அங்கவஸ்திரத்தை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு உள்ளே சென்றார். மேசை இருந்த இடத்திலேயே இருந்தது.

இதைக் கேட்ட செவிகள் குளிர்க. கேட்டவர் இல்லங்களில் விளக்கும் விருந்தும் குறையாதிருக்க உடையவன் அருள்க.