பஞ்சாரத்துக்குள் அடங்காத மரநாய்

அந்தக் காலத்தில் மரநாய்க்கும் மனிதருக்கும் ஒரே பாஷைதான். பேசிக்கொள்ளத்தான் நேரம் வாய்க்கவில்லை. இவர்கள் விழித்திருக்கும்போது அது தூங்கும், இவர்கள் தூங்கும்போது அது விழித்திருக்கும்.

பனையேறி சிவனணைந்தானின் மனைவி முத்துப்பேச்சி. கோடை முழுக்க அடுப்போடு அடுப்பாக வெந்து, பதனீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்கி, ஓலைப்பெட்டிகளில் அடைத்துப் பரணில் ஏற்றியிருந்தாள். பனை சுரக்காத மழை மாதங்களில் மூன்று பிள்ளைகளின் வயிற்றுக்கு அதுதான் ஆதாரம். அதன்மேல்தான் எலிகள் கண் வைத்தன. வீட்டுப் பூனையோ அடுப்புச் சாம்பலை விட்டு அசைவதாக இல்லை.

பருவம் முடியப்போகிற ஒருநாள் விடியலில் சிவனணைந்தான் பனையேறினால், கலயத்துக்குள் தலையை விட்டுப் பதனீர் குடித்துக்கொண்டிருந்தது ஒரு மரநாய். பிடரியைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

"ஏளா, இந்தக் களவாணிய என்ன செய்யலாம்?" என்றான்.

"அடிச்சிராதீங்க" என்ற முத்துப்பேச்சி, மரநாயிடமே கேட்டாள். "எலி பிடிப்பியாலே?"

"பிடிப்பேன்க்கா. ஆனா பகல்ல தூங்குவேன். பொழுது சாஞ்சாத்தான் எனக்கு விடியும். அடைச்சு மட்டும் போட்டுராத."

"அடைப்பனா? பிள்ளை மாதிரில்லா வச்சுக்கிடுவேன்!"

அப்படித்தான் வைத்துக்கொண்டாள். மடியில் போட்டு வாழைப்பழம் ஊட்டினாள். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்து மூக்கில் விரல் வைத்தார்கள். அந்தப் பெருமைதான் வினையாகிவிட்டது. பொழுது சாய்ந்ததும், ஓடிப்போய்விடுமோ என்று பயம் பிடித்தது. கோழி வளர்த்த கைக்கு வேறென்ன தெரியும்? கோழி அடைக்கும் பஞ்சாரத்தைத் தூக்கி அதன்மேல் கவிழ்த்து, அம்மிக் குழவியையும் மேலே வைத்துவிட்டாள்.

மூன்று நாள் இப்படியே. அடைபட்ட கோபத்தில் மரநாய் விட்ட நாற்றம் பஞ்சாரத்திலிருந்து வீடெல்லாம் பரவியது. பரணில் எலிகளுக்குக் கொண்டாட்டம். மூன்றாம் நாள் அந்தியில் ஒரு பெட்டி அவள் காலடியில் வந்து விழுந்தது. உள்ளே எலிப்புழுக்கைதான் இருந்தது.

"பஞ்சாரத்து மருமகப்பிள்ளைய நல்லாக் கவனிச்சுக்கோ!" என்று மேலேயிருந்து ஒரு கிழட்டு எலி கூவியது.

முத்துப்பேச்சிக்கு அழுகை முட்டியது. "உன்னய வளத்து என்னலே பிரயோசனம்?" என்று பஞ்சாரத்தை உதைத்தாள்.

"நீ எங்க வளத்த? அடையில்லா காக்குத! நான் என்ன முட்டையாக்கா?"

"திறந்தா ஓடிருவியே..."

"ஓடுனாலும் ஓடுவேன், இருந்தாலும் இருப்பேன். அது என் இஷ்டமா இருக்கட்டும். கல்ல எடு."

அவள் பரணைப் பார்த்தாள். ஐந்து பெட்டிதான் மிச்சம். பல்லைக் கடித்துக்கொண்டு குழவியை உருட்டித் தள்ளினாள்.

மரநாய் ஒரே பாய்ச்சலில் வாசலைத் தாண்டிப் போயே போய்விட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. 'போச்சு, எல்லாம் போச்சு' என்று அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள்.

அப்போது கூரை ஓலை சரசரத்தது. பிறகு நடந்ததை என்னவென்று சொல்ல! கூரை மோட்டு இடுக்கு வழியாகப் பரணில் குதித்தது மரநாய். எலிகள் பனம்பழம் உதிர்வதுபோலப் பொத்துப் பொத்தென்று விழுந்தன. மருமகப்பிள்ளை என்று நையாண்டி பேசிய கிழட்டு எலிதான் எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடியது. உலை கொதிக்கும் நேரத்துக்குள் வீட்டில் ஓர் எலிகூட இல்லை. ஐந்து பெட்டியும் பத்திரமாக இருந்தன. முத்துப்பேச்சி முந்தானையை வரிந்து கட்டிக்கொண்டு முற்றத்தில் நின்று குலவையிட்டாள். யார் வீட்டுக் கல்யாணமோ என்று தெருவே திரண்டு வந்துவிட்டது.

கூரை உச்சியில் மரநாய் உடம்பைச் சிலிர்த்தது. நாற்றம் போய், அதன் உடம்பிலிருந்து புது அரிசி பொங்கிய மணம் ஊரெல்லாம் வீசியது.

"கீழ வாலே ராசா, பழம் தாரேன்!"

"நான் இங்கனயே இருக்கேன்க்கா. பழத்த மேல வீசு!"

அவள் சிரித்துக்கொண்டே வீசினாள். அது ஒரு பழத்தையும் தவறவிடவில்லை.

அன்று முதல்தான் மரநாய் யார் மடிக்கும் வராமல், வீட்டையும் விட்டுப் போகாமல், கூரையிலேயே குடியிருக்கிறது. அடுப்பு மூட்டாத வேளையில் சோறு வெந்த மணம் வந்தால், பனங்காட்டுப் பெண்கள் இன்றைக்கும் பஞ்சாரத்தைத் தேடுவதில்லை. "காவலுக்கு வந்துட்டான்" என்று கூரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு, நிம்மதியாகப் பாயை விரிக்கிறார்கள்.