தெற்குப் பக்கம் இழுக்கிறது

"தெற்குப் பக்கம் இழுக்கிறது, டீச்சர்," என்றார் வேதபோதகம்.

ஞானாபரணம் டீச்சர் பாட்டுப் புத்தகத்தை மூடினார்.

"நான் ஆர்கனில் அடுத்த வரிக்குப் போய்விடுகிறேன். தெற்கே உட்கார்கிறவர்கள் இன்னும் முந்தின வரியிலேயே நிற்கிறார்கள். நீங்கள் வாசிக்கும்போது காத்திருக்கிறீர்கள். புத்தகத்தில் அப்படிக் காத்திருக்கச் சொல்லவில்லையே."

"வரி எங்கே முடியுது, அண்ணன்?"

"கடைசிச் சொல்லில்."

"யாரு பாடுற கடைசிச் சொல்லில்?"

வேதபோதகம் செருப்பை மாட்டிக்கொண்டார். வீட்டுக்குப் போய்விட்டார்.

கொள்ளிடத்துக்குத் தெற்கே, கடல் காற்று சுண்ணாம்பைத் தின்கிற ஓர் ஊரில் இருந்தது அந்த லுத்தரன் கோயில். சிலுவை வடிவம். வடக்கே ஒரு கை, தெற்கே ஒரு கை. இரண்டும் சேரும் இடத்தில் ஆர்கன்.

ஜெர்மனியிலிருந்து கப்பலில் துண்டு துண்டாக வந்த ஆர்கன் அது. ஆள் உயரக் குழல்களும் உண்டு, விரல் நீளக் குழல்களும் உண்டு. காலால் மிதித்த துருத்திக்குப் பிற்காலத்தில் மோட்டார் வைத்தார்கள்.

வேதபோதகம் தாலுகா ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டீச்சர் மிஷன் பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவர், ஞாயிறுதோறும் ஆர்கன் வாசிப்பவர், அவரைவிட இருபது வயது சின்னவர். ஊரையே அதட்டின மனுஷன் இப்போது ஒரு பெண்பிள்ளையிடம் ஆர்கன் படித்து விரலில் தட்டு வாங்குகிறார் என்று வடக்குப் பக்கத்தில் சிரித்தார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் குழல்களின் சத்தம் அவருக்கு வேண்டியிருந்தது.

ஆர்கன் வந்து நூற்றைம்பது ஆண்டு நிறைகிற விழா வந்தது.

சபைச் செயலாளர் மாசிலாமணி, வேதபோதகத்தின் மனைவிக்குத் தம்பி. அவர் வீடு தேடி வந்தார். பேராயர் வருகிறார், ஆராதனையைப் படம் பிடித்து ஜெர்மனிக்கு அனுப்பப் போகிறோம், சபை தூங்கி வழிகிறது என்று அங்கே நினைத்துவிடக் கூடாது என்றார். டீச்சருக்கு அன்று ஓய்வு. வாசிப்பது அத்தான்.

வேதபோதகம் காப்பியைக் கீழே வைத்தார்.

"டீச்சர் என்ன தப்பு செய்தார்?"

"அந்த அம்மா தன் ஜனத்துக்காகக் காத்துக்கிட்டே இருக்கு, அத்தான். பஸ்ஸை நிறுத்தி வச்சு ஆள் ஏத்துற மாதிரி. நீங்க நம்ம ஆளு. நேரா ஓட்டிட்டுப் போவீங்க."

போகும்போது வாசலில் நின்று இன்னொன்றும் சொன்னார். அன்றைக்கும் பாட்டு இழுத்தால், கமிட்டி ஆர்கனைப் பூட்டிவிடும். கீபோர்டு பார்த்து வைத்திருக்கிறார்கள். தாளம் அதுவே போட்டுக்கொள்ளும், யாருக்காகவும் நிற்காது.

வேதபோதகம் அன்று மாலை கோயிலுக்குப் போனார்.

"டீச்சர், நான் காத்திருந்தால் ஆர்கன் போய்விடும்."

"ம்."

"காத்திருக்காவிட்டால் ஆர்கன் இருக்கும்."

"இருக்கும்."

"அப்புறம் என்ன?"

"ஆர்கன் மட்டும் இருக்கும்," என்றார் டீச்சர்.

அவருக்குக் கோபம் வந்தது. கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லக் கூடாதா என்றார். பாடத் தெரியாதவர்களுக்காக ஒரு வாத்தியத்தைப் பலி கொடுக்க வேண்டுமா என்றும் கேட்டுவிட்டார்.

டீச்சர் எழுந்து ஆர்கனுக்குப் பின்புறம் கையைக் காட்டினார்.

"தெற்கே போய் உட்காருங்க."

அவர் போய் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"பெஞ்சில் வேண்டாம். தரையில். அப்ப எங்களுக்குப் பெஞ்சு கிடையாது."

அறுபது வயதுக்கு மேல் ஆன மனிதர் வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். பிறந்ததிலிருந்து வருகிற கோயில். அந்தத் தரையில் அவர் உட்கார்ந்ததே இல்லை. அங்கிருந்து ஆர்கன் தெரியவில்லை. அதன் முதுகை மூடிய தேக்குப் பலகைதான் தெரிந்தது.

"நான் வாசிக்கிறேன். பாடுங்க."

தெரிந்த ஞானப்பாட்டுத்தான். மனப்பாடம். அவர் பாடினார்.

சத்தம் பலகையைத் தாண்டி வரவில்லை. அது வடக்கே போய், அங்கே சுவரில் மோதி, திரும்பி, ஈரத் துணி போலக் கனத்து வந்து சேர்ந்தது. வந்து சேர்ந்த பிறகுதான் அவரால் வாயைத் திறக்க முடிந்தது. முதல் வரியில் கொஞ்சம் தடுமாறினார். இரண்டாம் வரியில் வேகமாகப் பாடிப் பிடித்துவிடலாம் என்று பார்த்தார். பிடிக்க முடியவில்லை. மூன்றாம் வரியில் சத்தம் எப்போது வருகிறதோ அப்போது பாடுவோம் என்று விட்டுவிட்டார்.

ஆர்கன் நின்றது. பலகைக்கு அந்தப் பக்கமிருந்து டீச்சர் குரல் மட்டும் வந்தது.

"ஏன் இழுக்கிறீங்க, அண்ணன்?"

அவர் தரையில் உட்கார்ந்தபடியே பலகையைப் பார்த்தார்.

டீச்சர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கதையைச் சொன்னார். ஆர்கன் வந்தபோது ஆலயத்தின் நடுவே சாதிச் சுவர் ஒன்று இருந்தது. வடக்கே பெஞ்சில் ஒரு கூட்டம், தெற்கே பாயில் ஒரு கூட்டம். கப்பலிலிருந்து குழல்களைத் தலையில் சுமந்து வந்தது பாயில் உட்கார்ந்தவர்கள். ஆர்கனை வடக்கே பார்த்து வைத்தார்கள். அப்படியும் சத்தம் பின்னால் கசிந்தது. காசு கொடுத்தவர்களுக்கு முன்னே இவர்கள் காதில் விழுவதாவது என்று பெரியவர் ஒருவர் பின்னால் பலகை அடித்துக் கொடுத்தார். பிறகு ஒரு குருவானவர் சண்டை போட்டுச் சுவரை இடித்தார். தெற்கே பெஞ்சும் வந்தது. பலகையை எடுக்கச் சொல்லிக் கேட்டால், குழல் ஆடிப்போகும் என்றார்கள்.

பெரியவர் யார் என்று டீச்சர் சொல்லவில்லை.

சொல்லத் தேவையும் இல்லை. ஆர்கன் பின்னால் இருக்கிற தேக்கு, எங்கள் பூட்டன் கோயிலுக்குக் கொடுத்த காணிக்கை என்று வேதபோதகம் எத்தனையோ கல்யாண வீடுகளில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

"இப்பவே கழற்றிவிடுகிறேன்," என்றார். எழுந்து பலகையில் கை வைத்தார்.

"கழற்றுங்க. நான் குறுக்கே நிக்கல."

"கழற்றினால் எல்லாம் சரியாகிவிடும்."

"எது?"

"இந்த இழுவை."

டீச்சர் முதல் தடவையாகச் சிரித்தார்.

"அண்ணன், எங்க பாட்டன் பூட்டன் எல்லாம் இதுக்குப் பின்னாடி உட்கார்ந்து பாடிப் பாடி ஒரு பாட்டு ஆகியிருக்கு. ஒவ்வொரு வரியிலும் நின்னு, மூச்சு வாங்கி, பக்கத்து ஆள் வந்தாச்சான்னு பார்த்துட்டுப் போற பாட்டு. அதை நீங்க எந்த ஸ்க்ரூ டிரைவரால கழற்றுவீங்க?"

விழா ஞாயிறு வந்தது.

கோயில் வாசலில் வாழை கட்டியிருந்தார்கள். பேராயர் பீடத்தருகே உட்கார்ந்திருந்தார். கேமரா வடக்குப் பக்கம் பார்த்து நின்றது. சுவர் போய் எவ்வளவோ காலம் ஆகியும் வடக்குக் குடும்பங்கள் வடக்கேயும் தெற்குக் குடும்பங்கள் தெற்கேயும்தான் உட்கார்ந்திருந்தன. ஆர்கனுக்குப் பின்னால் பலகையும் இன்னும் இருந்தது. டீச்சர் தெற்கே கடைசியில் இருந்தார்.

வேதபோதகம் வாசிக்கத் தொடங்கினார்.

முதல் வரி முடிந்தது. அவர் காத்திருந்தார். தெற்கு வந்து சேர்ந்தது. அடுத்த வரிக்குப் போனார்.

முன்வரிசையில் மாசிலாமணி விரலைச் சுழற்றிக் காட்டினார். வேதபோதகம் பார்த்தார். பார்த்துவிட்டுத் திரும்பவும் காத்திருந்தார்.

இரண்டாம் சரணம் முடிவதற்குள் மாசிலாமணி ஆர்கன் மேடைக்கே வந்துவிட்டார். சிரித்த முகத்தோடுதான் குனிந்தார், கேமரா இருந்ததால்.

"அத்தான், இதுதான் உங்களுக்குக் கடைசி வாசிப்பா இருக்கும். ஆர்கனுக்கும் இதுதான் கடைசி. ஓட்டுங்க."

வேதபோதகம் அந்தக் கட்டைகளை ஒருமுறை பார்த்தார். மஞ்சள் பூத்த யானைத் தந்தம். ஓய்வுக்குப் பின் அவருக்கு என்று இருந்தது இது ஒன்றுதான்.

மூன்றாம் சரணத்தின் முதல் வரி நடுவில், இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

குழல்கள் அடங்கின. வடக்குப் பக்கம் திகைத்து வாயை மூடிக்கொண்டது. என்ன ஆயிற்று என்று திரும்பிப் பார்த்தது. ஆர்கன் இல்லாமல் அவர்கள் அந்தக் கோயிலில் ஒரு வரிகூடப் பாடியதில்லை.

தெற்குப் பக்கம் நிற்கவில்லை.

அவர்களுக்கு ஆர்கன் எப்போதும் எட்டத்தில் கேட்ட ஒன்றுதான். அது போனதைக்கூடச் சிலர் கவனிக்கவில்லை. கவனித்தவர்கள் குரலை உயர்த்தினார்கள். வரி முடிகிற இடத்தில் நின்றார்கள், மூச்சு வாங்கினார்கள், பக்கத்தில் இருப்பவர் வந்து சேர்ந்ததும் அடுத்த வரியை எடுத்தார்கள். ஆண்களின் குரல் கீழே பாய் விரித்தது போலப் போனது, பெண்களின் குரல் அதன்மேல் நடந்தது. கோயிலின் கூரை அந்தச் சத்தத்தை வாங்கி வடக்கே அனுப்பியது.

பேராயர் எழுந்து நின்றார். கேமராக்காரர் கேமராவைத் தெற்கே திருப்பினார். யாரும் சொல்லவில்லை, அவராகவே திருப்பினார்.

வடக்கே ஒரு கிழவர் முணுமுணுக்கத் தொடங்கினார். அவரைப் பார்த்து இன்னொருவர். சத்தம் வந்த பிறகு வாயைத் திறந்து, ஒரு சொல் பின்னாலேயே போனார்கள். பிடிக்க முயன்றார்கள். முடியவில்லை.

மாசிலாமணி வேதபோதகத்தின் தோளைப் பிடித்தார். இப்போது முகத்தில் சிரிப்பு இல்லை.

"யாரைக் கேட்டு நிறுத்தினீங்க, அத்தான்?"

வேதபோதகம் மேடையிலிருந்து இறங்கினார்.

"எது நின்னுச்சு, மாப்ளே?" என்று கேட்டுவிட்டுத் தெற்கே நடந்தார்.