கரண்டு லாரியில யாரை எறக்குறது?

ஐயய்யோ, இந்த அநியாயத்தக் கேளுங்க! நெலக்கோட்டையில இருந்து மதுரைக்கு மல்லியப்பூ ஏத்திக்கிட்டுப் போன புது கரண்டு லாரி, வாடிப்பட்டி தாண்டுனதும் அப்படியே செத்துப்போச்சு. வெளக்கு இல்ல, ஹாரன் இல்ல, மீட்டர்கூட இருண்டுபோச்சு. ஓட்டுன பவளக்கொடி எப்படியோ ஓரங்கட்டி நிறுத்துனா. நல்லவேளை, பின்னாடி பஸ்ஸு வரல! பக்கத்துல ஒக்காந்திருந்த மொதலாளி ராமபத்திரன் கீழ குதிச்சாரு.

"பெரிய பேட்டரியில முக்காவாசி சார்ஜ் இருந்தத இப்பத்தான் பாத்தேன், எப்படி நிக்கும்? நீதான் எதையோ நோண்டிட்ட! கரண்ட உறிஞ்சுன ஆளு யாரோ, அந்த ஆள இங்கயே எறக்கிவிட்டாத்தான் வண்டி நகரும். அது நீன்னா, நாளையில இருந்து வேலைக்கு வராத!"

ரோட்டோர டீக்கடையில நின்ன கூட்டம் வேடிக்கை பாக்க வந்துருச்சு.

"பேச்சு மாற மாட்டீங்களே மொதலாளி?"ன்னா பவளக்கொடி.

"நான் மாறுற ஆளா?"

அவ ஒரு டிராக்டர நிறுத்தி, அதுல இருந்து ஒயர் இழுத்து வெளக்கு, ஹாரனுக்குன்னு லாரியில தனியா இருக்குற சின்ன பேட்டரிக்குக் கொடுத்தா. சின்னது முழிச்சாத்தான் பெருசு முழிக்கும். கொடுத்ததும் மொதல்ல எரிஞ்சது எது தெரியுமா? லாரி நெத்தியில முன்னூறு பல்பு கட்டி மாட்டியிருந்த மொதலாளி படம்! மக கல்யாணத்துலயே மாப்பிள்ளை படத்தவிடத் தன் படத்தப் பெருசா வச்ச மனுசன். சம்பந்தி சாப்பிடாமப் போனாரு, அது தனிக்கதை. ஒயர எடுத்ததும் வண்டி மறுபடி செத்துச்சு.

பவளக்கொடி படத்தக் கழட்டி ரோட்டோரம் பதவிசா சாத்தி வச்சா. திரும்ப ஒயரக் கொடுத்தா, எடுத்தா. வண்டி அணையவே இல்ல! மொதலாளி வாயப் பொளந்துட்டாரு.

"உறிஞ்சுன ஆள எறக்கிட்டேன் மொதலாளி. நீங்க ஏறுறீங்களா, இல்ல அவருக்குத் தொணையா இருக்கீங்களா?"