எழாமல் இருந்த பத்தாவது ஆள்

கொச்சிக்கு வடக்கே, காயலோரச் சிற்றூர் ஒன்றில் யூதர்களின் ஜெப ஆலயம் இருந்தது. இஸ்ரேல் என்ற புது நாடு உண்டானதும் அவ்வூர் யூதர்கள் குடும்பம் குடும்பமாகக் கப்பலேறத் தொடங்கினார்கள். மிஞ்சிய ஆண்கள் பதினொரு பேர். யூதர் வழக்கப்படி, வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் அது சபை. ஒருவர் குறைந்தாலும், இறந்தவருக்காகப் பிள்ளை சொல்லும் ‘கதீஷ்’ என்ற துதியைச் சொல்லக் கூடாது.

அந்தப் பதினொரு பேரில் ஒருவர் முட்டை வியாபாரி நெகேமியா. ஓய்வுநாள் தவறாதவர், வேதத்தை மனப்பாடமாக ஓதுகிறவர். ஆனால் அந்த நாடு அவருக்கு வேண்டாம். சிதறிய ஜனத்தைக் கூட்டிச் சேர்ப்பது கடவுள் செய்யவேண்டியது, துப்பாக்கி செய்யக் கூடாதது என்பது அவர் நம்பிக்கை. முதல் கப்பலில் போன அவர் தங்கை, தங்களுக்கு ஒதுக்கிய வீட்டில் போரில் அங்கிருந்து ஓடிப்போன யாருடைய சமையல் பாத்திரங்களோ கழுவாமல் கிடந்தன என்று எழுதியிருந்தாள். அதன்பிறகு அந்த நம்பிக்கை அவருக்குள் பாரமாகவே இறங்கிவிட்டது.

ஓய்வுநாள் வழிபாட்டில் அந்த நாட்டுக்காகப் புதிதாக ஒரு ஜெபம் சேர்த்திருந்தார்கள். அது தொடங்கியதும் நெகேமியா முற்றத்துக்குப் போய்விடுவார். முடிந்ததும் வந்து உட்காருவார். இதற்காக வேதம் வாசிக்க அவரை அழைப்பதை நிறுத்தினார்கள். மகள் மிரியாமுக்குப் பேசியிருந்த சம்பந்தமும் நின்றுபோனது. அவர் யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. அதற்குத் தெம்பில்லை.

“இவ்வளவு பட்டும் ஏன் அங்கேயே போறீங்க?” என்று மிரியாம் ஒருநாள் கேட்டாள்.

“வேற எங்கேம்மா போறது? அவங்கதானே என் ஜனம்.”

பக்கத்து வீட்டு எப்ராயீம் அவருடைய பால்ய நண்பர். புது நாட்டின் மேல் உயிரையே வைத்திருந்தவர். இருவரும் நாள் தவறாமல் வாக்குவாதம் செய்வார்கள், சேர்ந்தே சாப்பிடுவார்கள். கப்பலுக்குக் காத்திருக்கையில் எப்ராயீம் படுத்த படுக்கையானார்.

“என் மகன் கதீஷ் சொல்றப்ப நீ உள்ளே இருக்கணும்,” என்றார் நெகேமியாவிடம். “நான் போயிட்டா மிச்சம் சரியாப் பத்துப் பேர்தான்.”

“இருப்பேன்,” என்றார் நெகேமியா. அந்த வாரமே எப்ராயீமை அடக்கம் செய்தார்கள்.

சபைத் தலைவர் எலியாசின் மகள்கள் இருவரும் அந்த நாட்டின் எல்லையோரக் கிராமம் ஒன்றில் குடியேறியிருந்தார்கள். அங்கே அடிக்கடி துப்பாக்கிச் சூடு நடந்தது. எலியாசுக்கு அந்த ஜெபம் தன் பெண்களின் உயிருக்கான ஜெபம். அது நடக்கும்போது ஒருவர் எழுந்து வெளியே போவதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு எரிந்தது.

அடுத்த ஓய்வுநாள் காலையில் அவர் எல்லோரும் கேட்கச் சொன்னார்: “இன்னிக்கு ஜெபத்தின் நடுவிலே வெளியே போறவர் திரும்ப உள்ளே வரக் கூடாது.”

கதீஷ் வழிபாட்டின் கடைசியில் வருவது. வெளியே போனால் எப்ராயீமுக்குக் கொடுத்த வாக்கு போகும். உள்ளே நின்று ஆமென் சொன்னால் மனசாட்சி போகும். ஜெபம் தொடங்கியது. எல்லோரும் எழுந்தார்கள். நெகேமியா எழவில்லை. முழங்கால்களில் கைகளை ஊன்றி, வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பைக் காட்டுவதாகக்கூட அவருக்குத் தோன்றவில்லை. எப்போது முடியும் என்று மட்டும் இருந்தது.

கடைசியில் எப்ராயீமின் மகன் யோசேப்பு கதீஷ் சொல்ல முன்னே வந்தான். அவனும் அடுத்த மாதம் கப்பலேற இருந்தவன்.

“நிறுத்து,” என்றார் எலியாஸ். “ஜெபத்துக்கு எழாதவரை எண்ண முடியாது. இங்கே ஒன்பது பேர்தான் இருக்கோம்.”

நெகேமியா மெல்லச் சொன்னார்: “உன் பொண்ணுங்களுக்காக நான் தினமும் ஜெபிக்கிறேன், எலியாஸ். பேரைச் சொல்லி ஜெபிக்கிறேன். அந்தக் கொடிக்காக மட்டும் என்னைக் கேட்காதே.”

“அவங்களுக்கு வேலியே அந்தக் கொடிதான்.”

யோசேப்பு இருவரையும் பார்த்தான். தூணோரம் முதியவர் சாலமோன் வழக்கம்போல் தூங்கிக்கொண்டிருந்தார். தூங்குகிறவரையும் எண்ணிக்கொள்ளலாம் என்பது வழிபாட்டு விதி.

“தூங்கறவரையே எண்ணிக்கிறோம்,” என்றான். “முழிச்சிருக்கிறவரை எப்படி விடறது? அந்த நாடு வேணும்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா அப்பா இவரைத்தான் வரச் சொன்னார்.”

தலைவரின் அனுமதிக்குக் காத்திராமல் கதீஷைத் தொடங்கினான். எலியாஸ் எழுந்து வெளியே போய்விட்டார். பத்துப் பேரோடு தொடங்கியதை, ஒருவர் போனாலும் முடிக்கலாம் என்று விதி இருக்கிறது. யோசேப்பு கடைசி வரி வரை சொல்லி முடித்தான்.

செத்த நண்பனுக்குக் கொடுத்த வாக்குக்காக, தனக்கு ஒவ்வாத ஜெபத்தின் நடுவே உட்கார்ந்திருந்தார் ஒருவர். பெற்ற பிள்ளைகளின் உயிருக்காகச் சபை ஒரே குரலில் மன்றாட வேண்டும் என்றார் ஒருவர். தலைவரின் சொல்லை மீறி, தன் கருத்துக்கு எதிரானவரைச் சபையில் சேர்த்து எண்ணினான் ஒருவன். இந்த மூவரில் யார் செய்தது சரி?

விடை: யோசேப்பு. சபைக்குள் வந்து உட்கார்ந்தவனை எண்ணாமல் விடும் அதிகாரம் எந்தத் தலைவருக்கும் இல்லை. எலியாசின் பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்காக இறந்தவருக்கான கதீஷைப் பணயம் வைத்தது நியாயமில்லை. நெகேமியா தன் வாக்கையும் காப்பாற்றினார், மனசாட்சியையும் காப்பாற்றினார். ஆனாலும் தான் சரியாகச் செய்ததாக அவர் ஒருபோதும் சொல்லிக்கொள்ளவில்லை. யோசேப்பு கப்பலேறியதும் அவ்வூரில் பத்துப் பேர் கூடவே இல்லை. சில ஆண்டுகளில் மற்றவர்களும் போய்விட, எலியாசும் நெகேமியாவும் மட்டும் ஓய்வுநாள்களில் வந்தார்கள். ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. ஒருவர் வரத் தாமதமானால், மற்றவர் தொடங்காமல் காத்திருந்தார்.