நாலாம் பாகம்

பீடிக் கொட்டகையில் நாற்பது பெண்கள் உட்கார்ந்து பீடி சுற்றுகிறார்கள். கைக்கு ஓயாத வேலை, காதுக்கு ஒரு வேலையும் இல்லை. அதனால் நடுவில் ஒருவர் உட்கார்ந்து கதைப் புத்தகம் வாசிப்பார். வாசிக்கிறவர் பீடி சுற்ற வேண்டியதில்லை. அவர் பங்கை மற்றவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகச் சுற்றிப் போட்டுவிடுவார்கள். அந்த ஊரில் வெகுகாலமாக இதுதான் வழக்கம்.

காலையில் வாசிப்பவள் இசக்கியம்மாள், வயது முப்பத்தைந்து. மதியம் வாசிப்பவர் ஞானசிகாமணி. தபாலாபீஸில் ரிட்டையரானவர், அறுபதைத் தொட்டவர். இருவரில் யார் குரு, யார் சீடர் என்று கேட்டால் வெளியூர்க்காரர்கள் தப்பாகத்தான் சொல்வார்கள். கூட்டத்துக்கு வாசிக்கக் கற்றுக்கொடுங்கள் என்று வந்து நின்றவர் ஞானசிகாமணிதான். கொட்டகையே அவளை "அக்கா" என்று கூப்பிட்டதால் அவரும் அக்கா என்றே கூப்பிட்டார். அவள் அவரை "அண்ணாச்சி" என்பாள்.

முதல் பாடமே அவருக்குச் சுருக்கென்று தைத்தது.

"அழுகிற இடத்துல நீங்க அழப்பிடாது அண்ணாச்சி. அதுக்கு நாங்க நாப்பது பேரு இருக்கோம்."

இசக்கியம்மாள் எடுக்கும் கதைகள் நாலைந்து நாளில் முடிந்துவிடும். ஞானசிகாமணி டவுன் லைப்ரரியிலிருந்து மூன்று பாகக் கதை ஒன்றைக் கொண்டுவந்தார். செல்லப்பாண்டி என்பவன் கப்பலில் போகிறான், கடலில் காணாமல் போகிறான், வீட்டில் பெண்டாட்டி காத்திருக்கிறாள். இரண்டாம் பாகம் வருவதற்குள் கொட்டகையில் எல்லாரும் மதியச் சோற்றை அரைகுறையாக விழுங்கிவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தார்கள். பிறந்ததிலிருந்து தனக்காக யாரும் இப்படிக் காத்திருந்ததில்லை என்று ஞானசிகாமணிக்குத் தோன்றியது. தோன்றியதோடு விட்டிருந்தால் வம்பில்லை.

மூன்றாம் பாகத்தில் கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி இருந்தபோது புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டார். மறுநாள் பழுப்பு அட்டை போட்ட ஒரு புத்தகத்தோடு வந்து, "நாலாம் பாகம்" என்றார். அட்டைக்குள் இருந்தது பழைய தபால் விதிப் புத்தகம். அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, செல்லப்பாண்டியைத் தீவு தீவாக அலையவிட்டார். இப்படி ஒரு மாதம் ஓடியது.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் இசக்கியம்மாளிடம் வந்து உட்கார்ந்தார்.

"அக்கா, ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"ஒரே புஸ்தகத்துல முடியுத கதை, பாகம் பாகமா வருத கதை. இதுல சனங்களுக்கு எது பிடிக்குது?"

"உங்களுக்கு என்ன தோணுது?"

"நான் என்னத்தைச் சொல்ல? பேச்சித்தாயைப் பாருங்க. மவளைப் பிரசவத்துக்கு மதுர ஆஸ்பத்திரியில சேர்த்து மூணு வாரமாச்சு. கதையை விட்டுட்டுப் போவ அவளுக்கு மனசு வரலை."

அடக்கமாகத்தான் சொன்னோம் என்று அவருக்கு நினைப்பு. முகமெல்லாம் பல்லாக இருந்தது.

இசக்கியம்மாள் தூக்குவாளியை மூடி வைத்தாள்.

"பேச்சி மதினி, இங்கன வாங்க."

பேச்சித்தாய் புகையிலைத்தூள் படிந்த கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"மவளைப் பாக்கப் போவலியா?"

"போவணும். செல்லப்பாண்டி வீட்டுக்கு வந்துரட்டும்."

பார்த்தீர்களா என்பதுபோல ஞானசிகாமணி இசக்கியம்மாளைப் பார்த்தார்.

"மிச்சக் கதையை நாங்க கேட்டு வச்சுச் சொல்ல மாட்டோமா, மதினி?"

"கதைக்காக இல்ல, இசக்கி." பேச்சித்தாய் தரையில் உட்கார்ந்தாள். "மொதப் பிள்ளைக்கு நான் போனேம்லா. ஆஸ்பத்திரியில நான் காலெடுத்து வச்ச அன்னைக்கே பிள்ளை தங்காமப் போயிட்டு. இப்ப, 'வாம்மா, பயமா இருக்கு'ன்னு பாக்கப் போறவங்ககிட்ட எல்லாம் சொல்லி அழுதா. எனக்குக் காலு வர மாட்டேங்கு. அதான் மனசுக்குள்ள ஒரு சகுனம் நெனச்சேன். கடல்ல போனவன் வீடு வந்து சேந்துட்டாம்னா, எம் பேரப்பிள்ளையும் தங்கும். அன்னைக்கே பஸ் ஏறிருவேன்."

பிறகு ஞானசிகாமணி பக்கம் திரும்பினாள்.

"நாளைக்கு வந்துருவானா அண்ணாச்சி? ரெண்டு மட்டம் கரை வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிட்டானே."

அந்த இரண்டு தடவையும் கொட்டகை முழுக்க ஐயோ என்று கத்தியதும், அதைக் கேட்டுக்கொண்டே தான் புத்தகத்தை மூடியதும் ஞானசிகாமணிக்கு நினைவு வந்தது. முகத்தில் இருந்த சிரிப்பை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

"அண்ணாச்சி, அந்த நாலாம் பாகத்தை மதினி கையில குடுங்க" என்றாள் இசக்கியம்மாள்.

"எதுக்கு? அவளுக்கு எழுத்து தெரியாதே."

"சகுனம் நெனச்ச புஸ்தகம். ஒரு தடவை கண்ணுல ஒத்திக்கிடட்டும்."

கொடுக்காமல் இருக்க அவருக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. பேச்சித்தாய் கையை இன்னொரு தடவை அழுத்தித் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் வாங்கினாள். வலது கண்ணில் ஒற்றினாள். இடது கண்ணில் ஒற்றினாள். உதடு மகள் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. பார்சல் இத்தனை எடைக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதியெல்லாம் அந்தப் புத்தகத்துக்குள் இருந்தது.

ஞானசிகாமணிக்கு உடம்பெல்லாம் கூசியது. முப்பத்தெட்டு வருஷ சர்வீஸில் வந்த கடிதத்தை மறுநாளைக்கு வைக்காதவர் என்று பெயர் எடுத்தவர் அவர்.

"தாயி, அதைக் கீழ வச்சிரும்மா."

"ஏன் அண்ணாச்சி?"

"அது கதைப் புஸ்தகமே இல்ல. தபாலாபீஸ் புஸ்தகம்."

பக்கத்தில் இருந்தவர்கள் சாப்பாட்டில் கை வைத்தபடியே நிமிர்ந்தார்கள்.

"கதை மூணாம் பாகத்தோட முடிஞ்சுபோச்சு. கடைசி அத்தியாயத்தை நான் வாசிக்கல. அதுக்கப்புறம் வாசிச்சதெல்லாம் நானே கட்டினது."

"எதுக்கு?" என்றாள் பேச்சித்தாய்.

"எல்லாரும் எனக்காகக் காத்துக் கெடந்தீங்க. அது எனக்கு நல்லாருந்துச்சு."

"கடைசி அத்தியாயத்துல என்ன இருக்கு?"

"செல்லப்பாண்டி வீட்டுக்கு வந்துருதான்."

பேச்சித்தாய் விரலை மடக்கி நாள் எண்ணினாள். அவள் வைதிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்ப, அவன் போன மாசமே வந்துட்டானா?"

"ஆமா."

"நீங்கதான் வாசல்லயே நிப்பாட்டி வச்சிருந்தீங்களா?"

இசக்கியம்மாள் ஞானசிகாமணியின் பையிலிருந்து மூன்றாம் பாகத்தை எடுத்து நீட்டினாள்.

"வாசிங்க."

வாசித்தார். அழக் கூடாத இடத்திலெல்லாம் அழுதார். இசக்கியம்மாள் அன்றைக்கு அவரைத் திருத்தவில்லை. செல்லப்பாண்டி குனிந்து நிலைப்படியைத் தாண்டுகிற வரி வந்ததும் பேச்சித்தாய் எழுந்துவிட்டாள். மிச்சத்தை அவள் கேட்கவில்லை. பீடி சுற்றும் தட்டை அப்படியே போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.

அத்தியாயம் முடிந்தது. ஞானசிகாமணி புத்தகத்தை மூடினார்.

"நான் இனி என்ன செய்ய, அக்கா?"

பேச்சித்தாயின் தட்டை இசக்கியம்மாள் அவர் மடியில் வைத்தாள்.

"மதினி வருத வரைக்கும் அவங்க பங்கை நீங்க சுத்துங்க."

"எனக்குச் சுத்தத் தெரியாதே."

"கத்துக்கிடுங்க."

அன்றைக்கு அவர் சுற்றிய பீடியெல்லாம் கையிலேயே பிரிந்தது. மறுநாள் ஒன்றிரண்டு நின்றது. இசக்கியம்மாள் காலையும் மதியமும் வாசித்தாள். அவருக்கு ஒரு வரியும் காதில் ஏறவில்லை. வெளியே பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் இலையை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தார். மூன்றாம் நாளும் யாரும் வரவில்லை. நாலாம் நாள் அவரால் தாங்க முடியவில்லை. அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்து நின்றுவிட்டார்.

"அக்கா, பிள்ளை பொறந்துட்டா? நல்லாருக்கா? ஒரு தாக்கல் தகவலும் இல்லையே."

இசக்கியம்மாள் விரலை வரியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கும் தெரியாது, அண்ணாச்சி. அடுத்த பாகத்தை மதினி வந்துதான் சொல்லணும்."