கடைசி அத்தியாயத்து அம்மா

பிரபல எழுத்தாளர் வேதமூர்த்தியிடம் தட்டச்சு வேலை பார்த்தாள் செண்பகவடிவு. தானும் எழுதியே பிழைக்க வேண்டும் என்ற ஆசையில், தன் முதல் நாவலை அபிப்பிராயம் கேட்டு அவரிடம் கொடுத்தாள். அவர் நாலு பக்கம் புரட்டிவிட்டு, தன் பெயரைப் போட்டுப் பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டார்.

அவர் பெயரில் நாவல் வரப்போகும் விளம்பரத்தைப் பார்த்தவள் நேரே பதிப்பாளர் ஜமாலிடம் போய் நியாயம் கேட்டாள். வேதமூர்த்தியும் அங்கே உட்கார்ந்திருந்தார்.

“டைப் அடிச்சவ எல்லாம் எழுத்தாளரா? உன்னுதுன்னா இப்பவே நிரூபி. இல்லேன்னா போலீஸுக்குப் போவேன்” என்றார்.

அவளிடம் வேறு பிரதி இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“மன்னிச்சிடுங்க ஐயா. ஒண்ணு மட்டும் சொல்லுங்க. கடைசி அத்தியாயத்துல அந்த அம்மாவை ஏன் சாகடிச்சீங்க? எனக்கு மனசே ஆறலை.”

வேதமூர்த்தி நாற்காலியில் சாய்ந்தார். “கலை பலி கேட்கும்மா. அதை எழுதிட்டு மூணு நாள் நான் சாப்பிடலை.”

ஜமால் மேஜை மேலிருந்த பிரதியின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். அங்கே அந்த அம்மா திண்டுக்கல் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வேதமூர்த்தி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

ஜமால் முதல் பக்கத்திலிருந்த பெயரைப் பேனாவால் அடித்தார். “உங்க பேரை எப்படிப் போடணும்மா?”

“முழுசாப் போடுங்க ஐயா” என்றாள் செண்பகவடிவு.