பத்தரை வோல்ட்

கொல்லிமலை அடிவாரத்துக் குடிலில் இருந்த குருநாதர், தம் மூத்த சீடரைவிடப் பதினாறு வயது இளையவர். அதனால் சீடரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். சீடர் அவரைச் சாமி என்பார். இதில் இருவருக்குமே ஒரு சங்கடமும் இருந்ததில்லை.

சீடர் பெயர் செங்கோடன். ராசிபுரத்தில் முப்பது வருடம் பேட்டரிக் கடை வைத்திருந்தவர். ஆசிட் தெறித்துத் தெறித்து, ஓட்டை விழாத வேட்டி அவரிடம் ஒன்றுகூடக் கிடையாது. மனைவி பாவாயி பக்கவாதத்தில் படுத்ததும் கடையைப் பூட்டிவிட்டார். அது ஆயிற்று மூன்று வருடம். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் அவர் ஒரே ஆள்தான். வேறு யாரையும் கிட்டே அண்டவிட மாட்டார். போன வாரம் பாவாயியைத் தூக்கும்போது நின்றபடியே கண் அசந்து, இரண்டு பேருமாகக் கீழே விழுந்தார்கள். பாவாயிக்கு நெற்றியில் நாலு தையல்.

சேதி கேட்டு வந்து இறங்கினாள் பாவாயியின் தங்கை மாராயி. "மச்சான், பத்து நாளைக்கு நீங்க சாமிகிட்டப் போய் இருங்க. அக்காளை நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, பையில் துணியையும் அவளே எடுத்து வைத்து பஸ் ஏற்றிவிட்டாள்.

மூன்றாம் நாள் காலையிலேயே செங்கோடன் பையும் கையுமாகக் குருநாதர் முன்னால் வந்து நின்றார்.

"சாமி, நான் ஊருக்குக் கெளம்பறனுங்க."

"ஏனுங்கண்ணா, அங்க ஏதாச்சும் ஆயிருச்சா?"

"ஒண்ணுமில்லீங்க. நேத்துப் போன் பண்ணுனேன். பாவாயி நல்லாச் சாப்பிட்டாளாம், தூங்குனாளாம்." பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "அவ அங்க அசைய முடியாம கெடக்கறா. நான் இங்க மரத்தடியில உக்காந்து காத்து வாங்கிட்டிருக்கேன். கட்டுனவளை விட்டுட்டு ஓடியாந்தவன் மனுசனா சாமி?"

குருநாதர் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கூடத்து இன்வெர்ட்டர் கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. விடிகாலையில் போன கரண்ட் இன்னும் வரவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்த யாத்ரீகர்கள் பத்துப் பேர் அங்கே ஃபேனுக்கு அடியில் படுத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் கத்தல் நின்றது. ஃபேனும் நின்றது.

குருநாதர் எழுந்து போய் இன்வெர்ட்டரை ஆஃப் செய்து ஆன் செய்தார். ஃபேன் சுற்றியது. மூன்று நிமிடம் சுற்றிவிட்டு நின்றது. மறுபடி ஆஃப் செய்தார், மறுபடி ஆன் செய்தார். இந்தத் தடவை ஒரு நிமிடம்கூட ஓடவில்லை. மூன்றாம் தடவை அவர் கையைக் கொண்டுபோனபோது, செங்கோடன் பையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். குருவின் கையைப் பிடித்து இழுக்கலாமா என்றெல்லாம் அவருக்குத் தோன்றவே இல்லை. பேட்டரிக்காரர் கண்ணுக்குப் பேட்டரிதான் தெரியும்.

"ஐயோ சாமி, உட்டுருங்க! கெட்டுப்போயிருமுங்க!"

"ஃபேன் ஓடுதே அண்ணா."

"ஓடுமுங்க. ஃபேன் நின்னு லோடு கொறைஞ்சதும் வோல்ட் ஏறுன மாதிரி காட்டும். மறுபடி ஃபேனைப் போட்டதும் படுத்துக்கும். உள்ள சரக்கு இல்லீங்க. பத்தரை வோல்ட்டுக்குக் கீழ எறங்குனா இன்வெர்ட்டர் தானா நிறுத்திக்கும். பேட்டரியைக் காப்பாத்தத்தான் அப்படி வெச்சிருக்காங்க. நம்மாளுங்க கேக்கறாங்களா? கிரிக்கெட்ல கடைசி ஓவர்னு இப்படியே ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, எல்லாம் முடிஞ்சப்பறம் என் கடைக்குத் தூக்கிட்டு வருவாங்க."

"அதனால என்ன? கரண்ட் வந்தா ஏத்திக்கலாமே."

"அதாங்க ஏறாது. ஒட்ட ஒட்ட உறிஞ்சுனா உள்ள இருக்கற ஈயப் பிளேட்டு வெள்ளை பூத்துப்போகும். அப்பறம் கரண்ட் வந்தாலும் வாங்கிக்காது. பாக்கறதுக்குப் பேட்டரியா இருக்கும், அவ்வளவுதான்."

"படுத்திருக்கறவங்களுக்கு வேர்க்குதே, பாவம்."

"வேர்க்கட்டுமுங்க. விசிறி எடுத்து வேற யாராச்சும் வீசட்டும். இது நிக்கோணும். இது நிக்கறது ஏமாத்து வேலை இல்லீங்க சாமி. நாளைக்கும் ஓடோணும்னுதான்..."

செங்கோடன் பாதியில் நிறுத்தினார். பிடித்திருந்த கையை மெல்ல விட்டார்.

குருநாதர் ஒன்றும் அறியாதவர்போல இன்வெர்ட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "கரண்ட் வந்ததும் உடனே மறுபடி ஓட்டலாமுங்களா?"

"நல்லா ஏற விடோணுமுங்க." இன்வெர்ட்டர்மேல் கையை வைத்துக்கொண்டார். "எட்டு மணி நேரமாச்சும் ஆகும்."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். யாத்ரீகர்கள் பார்க்கிறார்களே என்ற வெட்கம்கூட இல்லை. மூன்று வருடமாக நெஞ்சின்மேல் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கிப் போனதில், அழுகை ஓய்ந்ததும் உடம்பெல்லாம் தூக்கம் வந்து கவிந்தது. நல்ல தூக்கம் வந்து எத்தனை காலமாயிற்று என்று அவருக்கே தெரியவில்லை.

அப்போது கரண்ட் வந்தது. இன்வெர்ட்டரில் சார்ஜ் விளக்கு எரிந்தது. படுத்திருந்தவர்கள் அப்பாடா என்றார்கள். செங்கோடன் பழக்கதோஷத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டென்று எழுந்தார்.

"சாமி, கரண்ட் மறுபடி போறதுக்குள்ள மோட்டாரைப் போட்டு டேங்கை நெரப்பிட்டு வந்தர்றனுங்க."

"மோட்டார் போட நான் இருக்கேன். பாவாயம்மாளைப் பாத்துக்க மாராயி இருக்காங்க. நீங்க போய்ப் படுங்கண்ணா."